எடுக்கப்படாத சம்பளம்

1

எங்கள் வீட்டுக்கு நீல உறை வந்தால் அதை யாரும் உடனே தொடுவதில்லை. ரொட்டர்டாமில் வரிக்காரர்கள் அனுப்பும் கடிதமெல்லாம் நீல உறையில்தான் வரும். கதவடியில் கிடக்கும். நான் அதைத் தாண்டிப் போவேன். என் மனைவி யோகமும் தாண்டிப் போவாள். கடைசியில் பள்ளிக்கூடத்தால் வரும் மகள்தான் எடுத்துப் பிரிப்பாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. இந்த நாட்டு மொழியில் எங்களுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவள்தான் வாசித்துச் சொல்கிறாள்.

போன கிழமையும் அப்படித்தான். மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். நடுவில், "நாளைக்கு லீவு போட்டிட்டு வரிக் கந்தோருக்கு ஒருக்காப் போட்டு வாறன்" என்றேன். அவள் சிரித்தாள்.

"கந்தோர் இல்லை அப்பா, கன்டோர். இவ்வளவு காலம் இருந்தும் டச்சைப் பிழையாச் சொல்லுறீங்கள்."

நான் சொன்னது டச்சு அல்ல, யாழ்ப்பாணத்துத் தமிழ் என்று சொன்னால் நம்பமாட்டாள். எந்த அலுவலகத்தையும் தபால் கந்தோர், கச்சேரிக் கந்தோர் என்று சொல்லி வளர்ந்த வாய் என்னுடையது. இவர்களுடைய முப்பாட்டன்மார் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் விட்டுவிட்டுப் போன சொல். அதை இப்போது என் மகள் எனக்குத் திருத்துகிறாள். சரி, திருத்தட்டும் என்று விட்டேன்.

அடுத்த கட்டத்தில் மனைவியின் தொழிலும் வருமானமும் கேட்டிருந்தது. மகள் குசினிப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் முந்தி ஊரிலை என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

யோகம் அடுப்பைப் பார்த்தபடியே, "ஒண்டும் செய்யேல்லை எண்டு போடு பிள்ளை" என்றாள்.

மகள் அப்படியே எழுதிவிட்டாள். பத்து வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் இன்னொரு வரிக் கந்தோரில், அதே கேள்விக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு நான் கதிரையில் சிலையாக இருந்தேன். இந்த 'ஒண்டும் செய்யேல்லை'யை நான் அப்படியே விட முடியாது. மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

2

வல்வெட்டித்துறையில் என் தகப்பனாரின் தலைமுறைவரை கடலில் உழைத்த காசு மடியில்தான் வந்தது. தோணி கரை சேரும், ஆள் இறங்குவார், மடியை அவிழ்ப்பார். எண்ணுகிற வேலை வீட்டுப் பெண்களுடையது. எனக்கு அப்படி வாய்க்கவில்லை. கொழும்பிலிருந்த ஒரு முகவர் மூலம் வெளிநாட்டுக் கப்பலொன்றில் எஞ்சின் அறையில் துடைக்கும் வேலை கிடைத்தது. கையில் கொஞ்சம் செலவுக்குத் தருவார்களாம், மிச்சச் சம்பளத்தைக் கொம்பனியே மாதாமாதம் ஊரிலுள்ள வங்கிக்கு அனுப்புமாம். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும்.

யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். அதற்கு முன் நான் வங்கிப் படி ஏறியதில்லை. உள்ளே இருந்தவன் என்னைவிட இளையவன், வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான பெடியன். படிவம் முழுக்க ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு நின்ற என் ஆங்கிலம் பெயர், ஊர், பிறந்த திகதி வரைக்கும் காணும். அதற்கு மேல் காணாது. ஆனால் காணாது என்று சொல்ல வெட்கம்.

"தனிக் கணக்கோ அண்ணை?"

"ஓம், என்ரை பேரிலை. ஆனால் மனிசியின்ரை பேரும் போடவேணும்."

"அப்ப இந்தக் கட்டத்திலை போடுங்கோ. நொமினி."

போட்டேன். யோகத்தின் முழுப்பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'நொமினி' என்றால் என்னவென்று கேட்கவில்லை. என் பெயருக்குக் கீழே அவளுடைய பெயர் இருக்கிறது, இரண்டு பேருக்கும் உரிமை என்று நினைத்தேன். ஒரு சொல், ஒரு கட்டம். "அப்பிடியெண்டால் என்ன தம்பி?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடம்கூடப் பிடித்திராது.

வீட்டுக்கு வந்து வங்கிப் புத்தகத்தை யோகத்தின் கையில் கொடுத்தேன். மகளுக்கு அப்போது ஆறு மாதம். "மாசம் பிறந்தாப் போய் எடும். கஞ்சத்தனம் பாக்க வேண்டாம். பிள்ளைக்குப் பால்மா வாங்கும்" என்றேன். அவள் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

3

ஒரு வருடம் என்று போனவன் மூன்று வருடம் நின்றுவிட்டேன். முதல் ஒப்பந்தம் முடியும்போது எஞ்சின் அறையில் ஒரு படி மேலே தருகிறோம் என்றார்கள். நின்றேன். இரண்டாவது முடியும்போது சம்பளத்தைக் கூட்டினார்கள். திரும்பவும் நின்றேன். ஊருக்கு அனுப்பியதற்கு மாதம் ஒரு ரசீதுத் துண்டு தருவார்கள். அந்தத் துண்டுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்தேன். கப்பலில் சிலர் துறைமுகம் துறைமுகமாகக் காசைக் கரைப்பார்கள். நான் தகரத்தைத் திறந்து பார்ப்பேன். இந்தத் துண்டில் யோகம் சீலை வாங்கியிருப்பாள், இந்தத் துண்டில் கூரை மேய்ந்திருப்பாள், இது பிள்ளையின் பிறந்தநாள் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன்.

கடிதம் எழுதும்போதெல்லாம் கேட்பேன். காசு ஒழுங்காக வருகிறதா? காணுமா? அவளுடைய பதில் எந்தக் கடிதத்திலும் ஒரே மாதிரித்தான். "நீங்கள் அனுப்பிறது எல்லாம் சேருது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கடை உடம்பைப் பாருங்கோ."

சேருது. அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்! கைக்கு வந்து சேருகிறது என்றுதான் விளங்கிக்கொண்டேன். அவள் பொய் எழுதவில்லை. அது சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

4

மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினேன். மகள் என்னைக் கண்டு தாயின் சீலைக்குள் ஒளிந்தாள். யோகம் கறுத்துப் போயிருந்தாள், மெலிந்தும் போயிருந்தாள். கூரை பழைய ஓலைதான். "ஏன் மேயேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் வந்தாப்போலை பாப்பம் எண்டு விட்டனான்" என்றாள். சிக்கனக்காரி என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அவ்வளவுதான் என் அறிவு.

வந்து இரண்டாம் கிழமை ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். கொழும்பிலிருந்து வரும் கடிதங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான், வாசிக்கத் தெரிந்தவனைத் தேடிப் போவது எங்கள் வேலை. பட்டினத்தில் ஒரு பேக்கரி முதலாளி மாத்தறைப் பக்கத்துச் சிங்கள மனுசன். எங்கள் பகுதி ஆட்கள் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இது நல்ல கடிதம் இல்லை. உம்மடை பேரிலை பாங்கிலை கனக்கக் காசு கிடக்காம். அது எப்பிடி வந்தது எண்டு கேக்கினம். இஞ்சை யாழ்ப்பாணத்துக் கந்தோருக்குத் திங்கட்கிழமை போகச் சொல்லிக் கிடக்கு. போகாட்டி வழக்காம்."

"கனக்கக் காசோ? செலவழிச்ச மிச்சம் எவ்வளவு இருக்கப்போகுது முதலாளி?"

"அது எனக்குத் தெரியாது. இதிலை எழுதினதைச் சொன்னன். கப்பல் கடதாசி எல்லாத்தையும் கொண்டு போம்" என்றார். காசு வாங்கவில்லை. பிள்ளைக்கு என்று ஒரு பணிஸைச் சுற்றித் தந்தார்.

கடிதத்தில் இருந்ததைச் சொன்னபோது யோகம் அதை வாங்கி மடித்து வைத்தாள். "நானும் வாறன்" என்றாள். அவ்வளவுதான். என்னைத் தனியே விடப் பயந்து வருகிறாள் என்று எண்ணினேன்.

5

வரிக் கந்தோர் அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பூட்டிய சட்டை. யோகம் பிள்ளையோடு விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் இருந்தாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"எந்த ஊர் தம்பி?"

"வல்வெட்டித்துறை ஐயா."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் கடல் வழியாகச் சாமான் கடத்துகிறவன் என்று நினைக்கும் பழக்கம் அரசாங்கக் கந்தோர்களில் அப்போது இருந்தது.

"உம்மைப் பற்றிப் பெட்டிசம் வந்திருக்கு. எழுதினவர் பேர் போடேல்லை. புருஷன் கப்பல் எண்டு சொல்லித் திரியிறார், ஆனால் காசு வேறை வழியாலை வருது எண்டு எழுதிக் கிடக்கு."

பிஸ்கட் தகரத்தை மேசையில் வைத்தேன். அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வங்கியிலிருந்து வந்த தாளோடு ஒப்பிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"வந்த காசு சரி. ஒண்டும் பிசகில்லை."

நான் துண்டுகளைத் திரும்பவும் தகரத்தில் அடுக்கத் தொடங்கினேன்.

"ஆனால் தம்பி, இதிலை ஒரு சதமும் எடுபடேல்லை. மூண்டு வருஷம். ஒரு சதம்! அப்ப உம்மடை குடும்பம் என்னத்தைத் திண்டது? அந்தச் செலவுக்கு எங்காலை காசு வந்தது? அதைத்தான் நான் கேக்கவேணும்."

"இருக்காது ஐயா. மனிசி மாசம் மாசம் எடுக்கிறவ."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். வரவுப் பக்கம் முழுக்க இலக்கங்கள். மற்றப் பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதுக்குள் எஞ்சின் அறைச் சத்தம் கேட்டது. அப்போது என் மனதில் வந்த நினைப்பை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதவேண்டும். அப்படியென்றால் இவளுக்கு யார் கொடுத்தது? அதுதான் என் நினைப்பு. கதவால் வெளியே திரும்பிப் பார்த்தேன். யோகம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவள் வாசித்துவிட்டாள். கூப்பிடாமலே எழும்பி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி உள்ளே வந்தாள்.

"ஐயா, நான் வேலை செய்தனான்."

"என்ன வேலை பிள்ளை?"

"அச்சுவேலிப் பக்கம் தோட்டங்களிலை வெங்காயம் கிண்டினனான். புல்லுப் பிடுங்கினனான். மிளகாய் ஆய்ஞ்சனான். இவளைப் பக்கத்து வீட்டு மாமியிட்டை விட்டிட்டு முதல் பஸ்ஸிலை போவன்."

"மூண்டு வருஷமோ?"

"ஓம் ஐயா."

எங்கள் ஊர்ப் பெண்கள் தோட்டக் கூலிக்குப் போவதில்லை. போனால் ஊர் பேசும். அதனால்தான் ஊருக்கு வெளியே, பஸ் பிடித்துப் போயிருக்கிறாள்.

அதிகாரி நம்பவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நான் தோட்டக்காரன்ரை மகன் பிள்ளை. சும்மா சொல்ல ஏலாது. நாட்கூலி என்ன?"

"மத்தியானம் வரைக்கும் எண்டால் இரண்டு ரூபா. பொழுதுபட நிண்டால் மூண்டு. கிண்டி முடியிற அண்டைக்குப் பொறுக்கின சிதறல் வெங்காயம் எங்களுக்கு."

"கிண்டின வெங்காயத்தை என்ன செய்வீங்கள்?"

"தாளோடை வயலிலை காயவிட்டு, பிறகு பிடி பிடியாக் கட்டி நிழலிலை தூக்குவம். ஈரத்தோடை கட்டினால் அழுகிப்போம். முதல் வருஷம் நான் கட்டினதிலை கொஞ்சம் அழுகினது. அந்த நாள் கூலி தரேல்லை."

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தலையைக் குனிந்து, பதிவுத் தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். எழுதிவிட்டு, "பாங்கிலை ஏன் எடுக்கேல்லை?" என்றார். இப்போது அவருடைய குரல் கந்தோர்க் குரல் அல்ல.

"போனனான் ஐயா. முதல் மாசமே போனனான். எனக்குத் தரமாட்டினமாம். அவர் நேரிலை வந்து கையெழுத்து வைக்கவேணுமாம். அவரை வரச்சொன்னால் கப்பலை விட்டிட்டு வந்திடுவார். பிறகு வேலை?"

வங்கித் தாளை அதிகாரி மீண்டும் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நொமினி எண்டால் என்ன எண்டு தெரியுமோ உமக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"நீர் செத்தால் காசு ஆருக்குப் போகவேணும் எண்ட பேர். நீர் உயிரோடை இருக்குமட்டும் அவ ஒரு சதம் எடுக்க ஏலாது."

6

வெளியே வந்து பஸ் நிலையம்வரை நடந்தோம். உச்சி வெயில். பிள்ளை யோகத்தின் தோளில் தூங்கிவிட்டாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. பருத்தித்துறை பஸ் நிற்கும் இடத்தில் நிழல் பார்த்து நின்றாள்.

"எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே யோகம். நான் அங்கையிருந்து ஏதும் எழுதி அனுப்பியிருப்பன். ஒரு வழி இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"பிறகேன் போடேல்லை?"

ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி, போனது.

"அந்தப் பாங்குப் பெடியன் வடிவாத்தான் சொன்னவன். 'அக்கா, இப்ப எடுக்க ஏலாது, அவர் இல்லாமல் போனால் உங்களுக்குத்தான் முழுக்க' எண்டு. ஆறுதலுக்குச் சொல்லுறானாம். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திட்டன். அதுக்குப் பிறகு அந்தக் காசை நினைச்சாலே எனக்கு நடுங்கும். அதை நான் எடுக்கிறதெண்டால் நீங்கள் இல்லையெண்டு அர்த்தம். எடுக்காமல் கிடக்கிற வரைக்கும் நீங்கள் இருக்கிறியள். எனக்கு அப்பிடித்தான் பட்டுது."

"விசரி" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். பஸ் நிலையத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில்.

"போன வருஷம் நாலு மாசம் உங்கடை கடிதம் வரேல்லை" என்றாள். அது உண்மை. கப்பல் பழுதாகி ஒரு மூலைத் துறைமுகத்தில் கிடந்தோம், தபால் தவறிவிட்டது. "உங்கடை அண்ணை வீட்டை வந்தவர். 'எதுக்கும் பாங்கிலை விசாரிச்சு வைப்பம் யோகம்' எண்டார். நல்ல மனசோடைதான் சொன்னவர். நான் படலையைக் காட்டி வெளியிலை போகச் சொன்னனான். அண்டைக்கும் தோட்டத்துக்குப் போனன். ஒரு நாளும் விடேல்லை."

பிறகு என்னை நேரே பார்த்தாள்.

"கந்தோருக்குள்ளை நீங்கள் என்னைப் பாத்த பார்வை இருக்கே. மூண்டு வருஷத்து வெயில் அவ்வளவு சுடேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பஸ் வந்தது, ஏறினோம்.

7

வரிக் கந்தோர் விசயம் ஒரு மாதத்தில் முடிந்தது. என் கப்பல் பதிவுப் புத்தகத்தையும் சம்பளத் துண்டுகளையும் வைத்துப் பார்த்து, கட்டவேண்டியது ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அதுவும் சிங்களம்தான். பேக்கரி முதலாளிதான் வாசித்துச் சொன்னார். பெட்டிசம் எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை.

வங்கியில் கணக்கை இரண்டு பேர் பெயருக்கும் மாற்றினேன். இந்த முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் அர்த்தம் கேட்டேன். பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள், கேட்டேன். கப்பலுக்குப் புறப்படும் தம்பிமார் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். விளங்காத சொல்லுக்குக் கீழே மனைவியின் பெயரை எழுதாதீர்கள். வெட்கப்பட்டு நான் மிச்சம் பிடித்தது அரை நிமிடம். அதற்கு அவள் மூன்று வருடம் கொடுத்தாள்.

யோகமும் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். ஆனால் நான் ஊரில் நின்ற ஐந்து மாதமும் காசு எடுக்கப் போகவில்லை. "நீங்கள் நிக்கிறியள்தானே, நீங்களே எடுங்கோ" என்றுவிட்டாள். கூரை மேய்ந்தோம். அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டோம். மூன்று பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

திரும்பவும் கப்பல் ஏறினேன். இரண்டு மாதம் கழித்து, பிரேசில் நாட்டில் சந்தோஸ் துறைமுகத்தில் அவளுடைய கடிதம் கிடைத்தது. பிள்ளையின் சுகம், ஊர்ப் புதினம் எல்லாம் எழுதி, கடைசியில் பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்:

"இண்டைக்குப் பாங்குக்குப் போனன். நூறு ரூபா எடுத்தன். எண்ணிப் பாக்க மனம் வரேல்லை, அப்பிடியே கொண்டு வந்திட்டன். வீட்டை வந்து இருந்தால் நெஞ்சு படபடக்குது. இந்தக் கடிதம் கண்டவுடனை நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு எழுதிப் போடுங்கோ."

கரையில் நின்றபடியே அதை மூன்று முறை வாசித்தேன். தந்தி அடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கள் ஊரில் தந்தி என்றால் பிரிக்கும் முன்னரே அழத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம் என்று தபால் கந்தோரைத் தேடிப் போய், ஓர் அட்டை வாங்கினேன்.

நீளமாக எழுத வரவில்லை. "இருக்கிறன். எடும்" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

அதற்குப் பிறகு, குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வரும்வரை, இன்னும் இரண்டு வருடம் கடலில் இருந்தேன். மாதம் ஓர் அட்டை, அதே இரண்டு சொல். அட்டை கிடைத்த அடுத்த நாள் அவள் வங்கிக்குப் போவாளாம். கிடைக்காத மாதங்களில் போகமாட்டாளாம்.